சென்னியப்பனின் ஸ்டியரிங்

வீல் அலைன்மென்ட் செய்த பிறகும் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்றால், பெரும்பாலும் அது வேலை செய்தவனின் சோம்பல்தான் ஐயா. ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிவிட்டு, அதிலிருந்து இரண்டு முன்சக்கரங்களுக்கும் போகிற டை ராடு என்கிற கம்பிகளை ஒரே அளவில் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் வண்டி நேராகப் போகும், ஸ்டியரிங் சாய்ந்து நிற்கும். அரை மணி நேர வேலை. இருபத்தாறு வருடத்தில் நான் அதில் சோம்பல் பட்டதில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற சாலையில் என் கடை. பின்னாலேயே ஒரு அறை, அதுதான் வீடு. என் மனைவி பெரியநாயகி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போனாள். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது. சண்டை ஒன்றும் இல்லை. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். சில நாள் காலையில் வாய் திறந்து பேசினால் என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

சென்னியப்பன் போன ஆவணியில் முதல் தடவை வந்தார். கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கிறவர், அறுபது வயதிருக்கும். வேறெங்கோ அலைன்மென்ட் செய்திருந்தார், ஸ்டியரிங் இடது பக்கம் சாய்ந்திருந்தது. நான் வேலை பார்க்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார்.

"ஏனுங்க, சாப்பாடு ஆச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப வாங்க. எங்கூட்டம்மா எப்பவும் ரெண்டு ஆளுக்குத்தான் கட்டும்."

அரிசிம்பருப்புச் சோறு. நெய் வாசனை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கோழிக்கு வரும் சளி, மனைவி உண்ணாமலையின் முழங்கால் வலி, எல்லாம். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

பிறகு வண்டிக்கு அடியில் போனேன். வேலை சரியாக முடிந்தால் அந்த ஆள் திரும்ப வரமாட்டான், இதுதான் என் தொழில். டை ராடு நகராமல் பிடிக்கிற லாக் நட்டில் வலது பக்கத்தை இறுக முறுக்கினேன். இடது பக்கத்தை விரலால் மட்டும் திருகிவிட்டு வெளியே வந்தேன். கை தவறியது என்று சொல்லமாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் வந்தார். "மறுபடி சாயுதுங்க தனசேகரு," என்றார். ரோடு சரியில்லை என்றேன். ஆமாங்க, ரோடுதான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அப்படி ஐந்து மாதத்தில் ஒன்பது தடவை. ஆறாம் தடவையிலிருந்து எனக்கென்று தனி டப்பா வந்தது. உண்ணாமலையம்மாவை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குக் காரம் ஆகாது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

தை மாதம் ஒரு புதன்கிழமை வந்தவர், மருந்து ஏஜென்சியைக் கைமாற்றிவிட்டதாகச் சொன்னார். ஓசூரில் இருக்கும் மகன் கௌதமனோடு போய் இருக்கப் போகிறார்களாம்.

"ஞாயித்துக்கெழமை காலைல கெளம்பறமுங்க. இந்த ஒரு தடவை நல்லா நேரா வெச்சுக் குடுத்துருங்க. இனி உங்களத் தேடி வர முடியாதல்லங்க?"

வாஸ்தவம் என்றேன்.

லாக் நட்டை முறுக்காமல் விட்டால் சாய்வதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும். எனக்கு இருந்தது நான்கு நாள். அதனால் ஸ்டியரிங்கை நேராக்கினேன், மிகத் துல்லியமாக, என் வாழ்நாளில் அப்படி நேராக வைத்ததில்லை. அதன்பின் டை ராடைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் நட்டுக்குப் போனேன். அது கழன்றுவிடாதபடி காக்கிற சிறு பின்னை உருவினேன். நட்டை நான்கு சுற்றுத் தளர்த்தினேன். இரண்டு நாளில் சக்கரப் பக்கம் கடகடவென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் மனிதன் மெக்கானிக்கைத் தேடி வருவான்.

வியாழன் காத்திருந்தேன். வெள்ளியும். சனிக்கிழமை நானே சோறாக்கி, அவருக்கும் சேர்த்து வைத்திருந்தேன். அந்த மூன்று நாளும் அவர் வண்டியையே எடுக்கவில்லை, சாமான் கட்டிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அவருடைய போன் நம்பர் என்னிடம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. கூப்பிடவில்லை. நாம் கூப்பிட்டு ஒருவர் வருவது வேறு, அவராக வருவது வேறு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஓமலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் சக்கரம் தனியாகத் திரும்பிக்கொண்டது. வண்டி தடுப்பில் மோதியது. சென்னியப்பன் அங்கேயே போய்விட்டார். உண்ணாமலையம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. வண்டியைச் சோதித்தவர் நட்டில் அந்தப் பின் இல்லை என்றார். கடைசியாகக் கை வைத்தது யார் என்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்டீர்கள், நான்தான் என்றேன். பின்னை உருவியதும் நட்டைத் தளர்த்தியதும் நான்தான். பன்னிரண்டு நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கௌதமன் அப்பாவின் காரியம் முடித்து வேலைக்குப் போய்விட்டார், சனிக்கிழமைதான் வருவார். சேலம் ஆஸ்பத்திரியில் காலையும் மாலையும் அந்த அம்மாவின் கட்டிலருகே உட்காருவது நான்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார், சில சமயம் ஒரு மணி நேரம்கூட. சென்னியப்பன் அளவுக்குப் பேச்சு. இந்தக் காகிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம் ஐயா. நாளை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?