கன்னத்தில் வெட்டுப்பட்ட காசு

— பொய் சொல்லாதீங்கண்ணே. இருபது வருஷமா இந்த மியூசியத்துக்குக் காவல் இருக்கீங்க. ஒரு குண்டூசி காணாமப் போனதில்ல. யாரைக் காப்பாத்தப் பாக்குறீங்க?

— யாரையும் இல்லம்மா. அந்த ரோமானிய வெள்ளிக்காசை எடுத்தது நான்தான். டைரக்டர்கிட்டயே சொல்லிட்டேன்ல.

— போலீஸ் வந்துட்டிருக்கு. அடுத்த மாசம் உங்களுக்கு ரிட்டயர்மென்ட். பென்ஷனே போயிடும், புரியுதா?

— புரியுது. கடவுள் பாத்துக்குவார், பாருங்கம்மா.

— சரி, கேக்குறேன். அந்தக் காசுல என்ன இருக்கு?

— ராஜா தலை. தலையில இலைக் கிரீடம். கன்னத்துல ஒரு வெட்டு.

— அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள தட்டுல மேல தெரியுற பக்கம். கண்ணாடி வழியா யார் வேணா பாத்திருக்கலாம். பின்பக்கம்?

— ரெண்டு கை. ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கு.

— அப்ப நிஜமாவே உங்க கைக்கு வந்திருக்கு. உங்களுக்காக டைரக்டர்கிட்ட அரை மணி நேரம் மல்லுக்கட்டினேனே, என்னைச் சொல்லணும்.

— கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, காசு பத்திரமா இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ராஜா கன்னத்துல யாரு வெட்டினது?

— அந்தக் காலத்துல வாங்கினவன். மேல வெள்ளி பூசின செம்பா இருக்குமோன்னு சந்தேகம். உளி வச்சுப் பாத்திருக்கான்.

— உள்ள என்ன இருந்துச்சாம்?

— வெள்ளிதான். பேச்சை மாத்தாதீங்க. ஓரத்துல என்ன இது, களிமண்ணு? போட்டோ எடுக்கும்போது காசு சாயாம நிக்க நான் வைக்கிற களிமண்ணுல்ல இது?

— அந்த உருண்டையோடதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பாருங்கம்மா.

— நேத்து போட்டோ வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடினேன். அம்மாவுக்கு முடியலன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். மேஜையில கிடந்ததை வாரிப் போட்டுட்டு... சரி, எங்கேர்ந்து எடுத்தீங்க?

— அதை மட்டும் கேக்காதீங்க.

— கேக்குறேன். சொல்லுங்கண்ணே.

— அம்மா ஆபரேஷனுக்குப் பணம் தேடி நீங்க அலையறது எனக்குத் தெரியும். திருப்பி வைக்கலாம்னா, தட்டைத் தொட எனக்கு அனுமதியில்ல. காலையில யாருக்கும் தெரியாம உங்க கையிலயே கொடுத்துடலாம்னு காத்திருந்தேன். அதுக்குள்ள டைரக்டர் வந்து காசுகளை எண்ணிட்டார்.

— என் கையில எதுக்கு? யார்கிட்டேர்ந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க.

— நீங்க நாற்காலியில விட்டுட்டுப் போன வெள்ளைக் கோட்டை எடுத்து ஆணியில மாட்டினேன்மா. அது பையிலதான் இருந்துச்சு.