நீதிபதி பிடித்த கை

கவனமா கேளுங்க, பிரியமானவங்களே... வேதத்தை ஒரு நிமிஷம் மூடி வச்சுட்டு ஒரு சின்னக் கதை சொல்றேன்.

நானூறு வருஷத்துக்கு முன்னால ஸ்காட்லாந்துல ஆர்ச்சிபால்டுன்னு ஒரு நீதிபதி. ரொம்பக் கண்டிப்பானவரு. அந்தக் காலத்துல அங்க ஒரு வழக்கம். யாராவது கொலையாகிட்டா, சந்தேகப்பட்ட ஆளைப் பிணத்தைத் தொடச் சொல்லுவாங்க. தொட்டதும் ரத்தம் வந்துச்சுன்னா... அவன்தான் கொலைகாரன். வேற சாட்சியே வேண்டாம்.

அப்படித்தான் ஒரு கொலை வழக்குல ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன் தொட்டான். பிணத்தோட மூக்குல ரத்தம் கசிஞ்சுச்சு. அவனைப் பெத்தவ எல்ஸ்பெத், நீதிபதி கால்ல விழுந்தா. தூக்கிட்டு வந்தப்போ பிணம் குலுங்கினதுல வந்த ரத்தம்தான்யான்னு கதறினா. இவரு என்ன சொன்னாரு? "கடவுளே காட்டிட்டாரு. மறுக்க நான் யாரு?" பையனைத் தூக்குல போட்டுட்டாங்க.

அடுத்த பனிக்காலம்... நீதிபதியோட சொந்தத் தம்பி மண்டை உடைஞ்சு செத்துக் கிடக்கிறாரு. முந்தின நாள் அந்தத் தம்பியோட சண்டை போட்டது யாரு தெரியுமா? நீதிபதியோட ஒரே மகன் நினியன். பிணத்தைத் தேவாலயத்துக்குக் கொண்டு வந்ததும் ஊரே அங்க கூடிருச்சு. அவனையும் தொடச் சொல்லுங்கன்னு கேட்குது.

மகன் கொன்னானா? நீதிபதிக்குத் தெரியாது. கொல்லலைன்னாலும்... பிணத்தைத் தூக்கிட்டு வந்தவங்க வாசப்படியில இடிச்சதை இவரே பார்த்தாரே. அந்த மூக்கையே பார்த்துட்டு நிக்கிறாரு. கசியுமோ... கசிஞ்சிருமோ...

"அப்பா, நான் கொல்லலை. ஆனா பயமா இருக்குப்பா." சொல்லிக்கிட்டே மகன் கையை நீட்டுறான். இன்னும் ஒரு சாண்தான்...

நீதிபதி பாய்ஞ்சு அந்தக் கையைப் பிடிச்சுட்டாரு. "வேண்டாம். தூக்கிட்டு வரும்போது குலுங்கினாலே ரத்தம் கசியும்."

பின்வரிசையில அந்த ஆட்டுக்காரப் பையனைப் பெத்த எல்ஸ்பெத் எழுந்தா. சத்தமே போடலை. "அது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாய்யா?"

மகன் அப்பா முகத்தைப் பார்த்தான்... மெதுவா அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கிட்டான். அந்தப் பிணத்தைத் தொட்டான்.

ரத்தம் வந்துச்சான்னுதானே மனசுக்குள்ள கேட்கிறீங்க? அந்தக் கேள்விதான்யா அந்த ஆட்டுக்காரப் பையனைக் கொன்னுச்சு!

அடுத்த வீட்டுல ஒரு சாவு, ஒரு நோய் வந்தா, கடவுளே காட்டிட்டாருன்னு எத்தனை சுலபமா சொல்லிடுறோம். நாளைக்கு உங்க பிள்ளை கையை நீட்டிக்கிட்டு நிக்கும்போது, அதே வாயால அதைச் சொல்லுவீங்களா? சொல்ல முடியுமா? எனக்குப் பயமா இருக்கு... உங்களுக்கு?