இருபத்தெட்டாம் நாள்

என் மனைவி கிருஷ்ணப்பிரியாவுக்குக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், சார். ஏழு வருடமாக நான்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

அம்பத்தூர் ஃப்ளாட்டில் உட்கார்ந்து நாங்கள் இருவருமாக ஒரு புரோகிராமிங் மொழி எழுதினோம். பெயர் உளி. பட்டறைக்காரர்கள் தகடு அழுத்தும் தங்கள் பிரஸ் மெஷினுக்குத் தமிழிலேயே கட்டளை எழுதலாம். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதைத்தான் சீராட்டினோம். போன தை மாதம் பிரிந்துவிடலாம் என்றாள். சண்டை எதுவும் இல்லை.

"உளியோட முதல் ஸ்டேபிள் ரிலீஸ் வரட்டும், அரவிந்தன். அப்புறம் நான் கிளம்பறேன்."

அந்த முதல் பதிப்பை வெளியிட ஒரு விதி வைத்திருந்தோம். தொடர்ந்து முப்பது நாள் ஒரு பிழையும் வரக் கூடாது. வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. நியாயமான விதி, நான் போட்டதுதான்.

இருபத்தெட்டாம் நாள் வந்தால் நானே ஒரு சின்னப் பிழையைச் செருகிவிடுவேன். அவள் எழுதிய வரி போல, அவள் பெயரில். என் தப்பென்றால் எரிந்து விழுவாள். தன் தப்பென்றால் பேசாமல் உட்கார்ந்து திருத்துவாள். மறுநாளே கண்டுபிடித்துவிடுவாள், கெட்டிக்காரி. ஆறு முறை அப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஏழாவது முறை அவளுக்குக் காய்ச்சல், உட்கார்ந்து தேட முடியவில்லை. நான் கைவைத்தது 'காத்திரு' என்ற கட்டளையில். ஆள் கையை எடுக்கும்வரை பிரஸ்ஸை இறங்கவிடாமல் நிறுத்துவது அதுதான். அம்பத்தூருக்குப் பக்கத்தில், பாடியில் ஒரு பட்டறையில் உளி சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். பிழையை நானே எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுத்தால் இரண்டே நாளில் முப்பது நிறைந்துவிடும்.

அங்கே வேலை பார்த்த ஞானம்மாளுக்கு வலது கையில் நாலு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கிருஷ்ணப்பிரியா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ இன்னா, வேணும்னா செஞ்ச? அழாத கண்ணு, ஊட்டுக்குப் போ" என்றார் அந்த அம்மா. நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. தான் எழுதிய பழைய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இருக்கிறாள். ஞாயிறுதோறும் பாடிக்குப் போய் அந்த அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறாள். நான்தான் வண்டியில் கூட்டிப்போகிறேன். யார் தப்பாக இருந்தால் என்ன, நான் இருக்கிறேன் என்று தேற்றுகிறேன்.

அந்த வரியை எழுதியது நான். வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்துத் துணியையெல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டாள், சார். இப்போதுதான் எங்களுக்குள் எல்லாம் சரியாகி வருகிறது.