கிளியனூர்ச் சாலையில் கடைக்காலைத் திறக்கச் சொன்னவருக்கு

சாலை சமைத்த சான்றோரே! நிபந்தனை கற்ற நேர்மையாளரே! கல்லோடும் கருமத்தோடும் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, கறைபடாக் கையோடு விடைபெறும் எங்கள் தாண்டவராயனாரே! 1967 ஜூன் திங்கள் முப்பதாம் நாளாகிய இன்று, விழுப்புரத்து நம் அலுவலகக் கூடத்தில், உடன் உழைத்த நாங்கள் அனைவரும் எழுந்து நின்று தங்களை வணங்கி, இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

தங்களை இப்படி ஓரிடத்தில் அமர்த்தி வைத்ததே இன்றைய விழாவின் முதல் வெற்றி. ஒப்பந்ததாரர் எவர் கையெழுத்திட வந்தாலும், ஆங்கிலத்தில் அச்சிட்ட நிபந்தனைப் புத்தகத்தை விரித்து, நின்றபடியே ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று இருமுறை கேட்காமல் தாங்கள் பேனாவைக் கொடுத்ததில்லை. ‘வேலையைப் பார்வையிட வருக’ என்று ஒரு கடிதம் வந்துவிட்டால் போதும்; களத்திலிருக்கும் சூப்பர்வைசருக்கு அதைத் தபாலில் அனுப்ப மனம் வராமல், தாங்களே அதை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடியதை நாங்கள் எத்தனை முறை கண்டோம்! கண்டு சிரித்தவர்களும் எங்களுள் உண்டு. அந்தப் பதைப்புக்குக் காரணம் இருந்தது. தாங்கள் அதைச் சொன்னதில்லை. தங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கும் நாக் கூசுகிறது. ஆகவே கூடியிருக்கும் அன்பர்களிடம், வேறு யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதுபோல் சொல்கிறோம். பொறுத்தருள்க.

அன்பர்களே, அது 1958ஆம் ஆண்டு. தாண்டவராயன் அப்போது திண்டிவனம் பிரிவில் சூப்பர்வைசர். கிளியனூர் போகும் சாலையில், ஓர் ஓடையின் குறுக்கே மூன்று கண் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. எடுத்துச் செய்தவர் சுப்பராயலு. மல்லாட்டை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, சிறுசிறு மதகுகளாகக் கட்டி மேலே வந்தவர். அவருக்கு அதுதான் முதல் பாலம்.

ஒப்பந்த நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். கடைக்கால் என்னும் அஸ்திவாரம்போல் மண்ணுக்குள் மறையப்போகும் வேலையை மூடுமுன் ஒப்பந்ததாரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் அதிகாரி வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் ஒப்பந்ததாரர் மூடிக்கொள்ளலாம். ஆனால் மூடியதைத் திறந்து காட்டும்படி அதிகாரி பின்னாலும் உத்தரவிடலாம். திறந்ததில் பழுது இருந்தால் நட்டம் ஒப்பந்ததாரருக்கு. பழுது இல்லையென்றால், போன காலத்தையும் செலவையும் அரசாங்கம் ஈடுகட்ட வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின புதன்கிழமை, திண்டிவனம் பஸ் நிலையத்தில் சுப்பராயலு அவரைப் பிடித்து, நடுத்தூணின் கடைக்கால் குழி தயார் என்று எழுதிய கடிதத்தைக் கையிலேயே கொடுத்தார். தாண்டவராயன் படித்துப் பார்த்து, வந்துவிடுகிறேன் என்று சொல்லி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மனைவி கிருஷ்ணவேணி அம்மாளின் தம்பிக்கு மயிலத்தில் காவடி. காலையில் போய் மாலையில் குழியைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். மலையில் கூட்டம், உறவுகளெல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்தார்கள். மாலை நழுவியது. வெள்ளிக்கிழமை தேர் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவருக்கும் ஆசை இருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவராகத்தான் தங்கினார்.

சனிக்கிழமை காலை, திருவிழாக் கூட்டத்தில் ஏற முடிந்த முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார். பாலத்தடியில் இறங்கும்போது மணி பதினொன்று. குழியில் காங்கிரீட் போட்டு மட்டம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவரைக் குறைசொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சும்மா சுற்றிவந்து, எதையும் கேட்காமல் திரும்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனார். கடைக்காலைப் பார்வையிட்டதாக அளவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைக் கரையில் மேலும் கீழுமாக நடந்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார். அப்போது, ஜல்லிக் கூடை சுமந்துகொண்டிருந்த சவுரியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். அந்தக் குழியில் மண் அள்ளியவள் அவள்.

“ஐயா, கிழக்கு மூலையில பாறை வரலீங்க. கருங்களிதான் இருந்துச்சு. நான்தான் அள்ளிக்கினு இருந்தேன். புதங்கெழம சாயங்காலம் கடப்பாறைய வுட்டா பொத்துனு உள்ள போச்சுங்க. பெரிய வியாழன் பூசைக்குன்னு நான் ஊருக்குப் போயிட்டேன். வந்து பாத்தா மூடிக் கெடக்குது.” கொஞ்சம் தயங்கினாள். “எம் பேர சொல்லிடாதீங்க. வேலை பூடும்.”

களிமண்ணின் மேல் ஒரு மூலையும் பாறையின் மேல் மற்ற மூன்றுமாக நின்றால், தூண் என்றாவது ஒரு வெள்ளத்தில் சாயும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுப்பராயலுவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

சுப்பராயலு மறைக்கவில்லை. களி இருந்தது உண்மை என்றார். அவருக்காகக் காத்திருந்த வியாழக்கிழமை தாமே கடப்பாறையால் குத்திப் பார்த்து, தம்பியையும் மச்சானையும் விட்டு இன்னும் இரண்டு அடி தோண்டி, பாறை கண்ட பிறகே காங்கிரீட் போட்டதாகச் சொன்னார். தோண்டியவர்கள் இருவரும் அவர் வீட்டு ஆட்கள். வேறு சாட்சி இல்லை.

“நம்ப மாட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

“உங்கள நம்பறது வேறங்க. நான் பாத்தேன்னு கையெழுத்து போடறது வேற.”

“அப்ப வந்து பாத்திருக்கணும்ல சார்.”

 தாண்டவராயன் சாலைக்கு ஏறிப்போய் நின்றார். திண்டிவனம் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. படியில் கால் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். கண்டக்டர் திட்டிவிட்டுப் போனான். கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றோடு முடிந்தது. இப்படி எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள். திறக்கச் சொல்லி, உள்ளே பாறை இருந்தால் தம் உத்தியோகத்துக்கே கேடு. களி இருந்தால் சுப்பராயலுவின் பிழைப்புக்குக் கேடு. எந்தப் பக்கம் பார்த்தாலும், வியாழக்கிழமை அங்கே வந்திருந்தால் இவற்றில் ஒன்றுமே இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் கரையிறங்கி வந்து, நின்றபடியே உத்தரவை எழுதினார்: கிழக்கு மூலையை அடிவரை திறந்து காட்டுக. சுப்பராயலு வாங்கிப் படித்தார். யார் சொல்லி இது என்று ஒரே ஒரு முறை கேட்டார். தாண்டவராயன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஆறு நாள் வேலை. பக்கவாட்டில் தோண்டத் தோண்ட ஊற்றெடுத்தது. மண்ணெண்ணெய் டின்களால் இறைத்தார்கள். எழும்பியிருந்த கல்வரிசைகளை இறக்கினார்கள். இதற்கிடையே சவுரியம்மாளின் கணவன் தேவசகாயத்துக்குப் பொம்மையார்பாளையத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். தாண்டவராயன் தினமும் வந்தார். உட்காரச் சொல்லிக் கொடுத்த பெட்டியில் உட்காரவில்லை. ஏழாம் நாள் காலை, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தாமே குழிக்குள் இறங்கி, காங்கிரீட்டின் ஓரத்தை உடைக்கச் செய்து, அதன் அடியில் கடப்பாறையை ஓங்கிக் குத்தினார்.

ணங்கென்றது. நான்கு இடத்தில் குத்தினார். நான்கிலும் பாறை.

சுப்பராயலு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். சுப்பராயலுவின் கொத்தனார்கள் இந்த இடைவெளியில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஜூலைக்குள் முடிக்க வேண்டிய பாலத்துக்கு ஐந்து வாரம் கூடுதல் காலம் கேட்டு அவர் மனுப் போட்டார். கிடைக்காவிட்டால் வேலையை அவரிடமிருந்து பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். ஒப்பந்ததாரர் பட்டியலிலும் அவர் பெயர் இராது. விசாரணைக்கு இருவரையும் விழுப்புரத்துக்கு அழைத்தார்கள்.

அன்றிருந்த உதவிப் பொறியாளர் நல்ல மனிதர். தம் கீழே வேலை செய்பவர்களைக் காப்பாற்ற நினைப்பவர். தபால் வரவுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். சுப்பராயலுவின் கடிதம் அதில் இல்லை. கையில் கொடுத்த கடிதம் எப்படி இருக்கும்? சுப்பராயலு நகலும் வைத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு உதவிப் பொறியாளர் மெல்லச் சொன்னார்:

“லெட்டர் வரலன்னா, அவர் தெரிவிக்காம மூடினதா ஆயிடும். திறக்கச் சொன்னது உங்க கடமை. உங்க மேல ஒண்ணுமில்ல. யோசிச்சு சொல்லுங்க தாண்டவராயன், லெட்டர் வந்துச்சா?”

மதியம் வரை தவணை கேட்டுக்கொண்டு தாண்டவராயன் வெளியே வந்தார். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த ஆண்டு அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். சித்திரை வெயிலில் ரயில் நிலையம்வரை நடந்தார், திரும்பினார், பாதி வழியில் மறுபடியும் நிலையத்தை நோக்கி நடந்தார். கடிதம் அன்றுமுதல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சட்டை மாறினால் கடிதமும் மாறியது. அலுவலகத்துக்கு வந்தபோது, வாசலில் புங்கமர நிழலில் சுப்பராயலு தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். இவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உள்ளே போய்க் கடிதத்தை மேஜைமேல் வைத்தார் தாண்டவராயன். மடிப்பில் மயிலத்து விபூதி ஒட்டியிருந்தது.

“புதங்கிழமையே வந்துட்டுது சார். நான்தான் போவல.”

களி என்று சொன்னது யார் என்று உதவிப் பொறியாளரும் கேட்டார். அதை மட்டும் சொல்வதற்கில்லை என்றார். அப்படியானால் காரணமில்லாமல் உடைத்ததாகத்தான் எழுத நேரும் என்று எச்சரித்தபோதும் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர் கொடுத்த விளக்கம் கோப்பில் இன்றும் இருக்கிறது. இரண்டே வரி: பார்க்க வேண்டிய நாளில் நான் போகவில்லை, பார்க்காததற்குக் கையெழுத்திட என்னால் முடியவில்லை.

சுப்பராயலுவுக்குக் கூடுதல் காலம் கிடைத்தது. செப்டம்பர் முதல் வாரத்தில், மழைக்கு முன்னால், பாலம் முடிந்தது. தாண்டவராயனின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து போயிற்று. களப்பணியிலிருந்து எடுத்து, விழுப்புரத்தில் ஒப்பந்த மேஜையில் போட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் இருந்த அந்த மேஜையிலிருந்துதான் இன்று எழுந்து போகிறார். சுப்பராயலு இதோ இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் பங்கை அவரே எங்களிடம் சொன்னார். மற்றதைக் கோப்பில் படித்தும், கிருஷ்ணவேணி அம்மாளிடம் கேட்டும் அறிந்தோம். யார் சொன்னது என்பது மட்டும் சென்ற மாதம்வரை எங்களுக்கும் தெரியாது.

சென்ற மாதம் மருமகனுக்குச் சாலைக் கூலி வேலை கேட்டு ஓர் அம்மாள் மனுவோடு வந்தார். தாண்டவராயன் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கிளியனூர்ப் பாலம் விழாமல் நிற்பதற்குத் தாம் சொன்ன சொல்தான் காரணம் என்று பெருமையோடு கதையைச் சொன்னார். சவுரியம்மாள்தான். இதை எழுதும் இருதயராஜாகிய நான், யோசியாமல், உள்ளே பாறை இருந்ததையும் பின்னால் நடந்ததையும் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த மனுவை மடித்தார், பிரித்தார்.

“அப்ப நான் சொன்னது பொய்யா போச்சுங்களா? அதனாலயா ஐயாவ மேஜையில ஒக்கார வெச்சாங்க?”

தாண்டவராயன் ஏதோ ஒரு கடிதத்தோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், வாசற்படியில் நின்றார். திரும்பி வந்து, அந்த அம்மாளின் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ பாத்தத சொன்ன சவுரியம்மா. பாக்க வேண்டியவன் நான். வராதது நான்தான்.”

அந்தப் பஸ் போய்விட்டது. மருமகனின் மனுவை அவரே எழுதிக் கொடுத்தார்.

பெரியீர்! தங்கள் அனுமதியின்றி இதைச் சொன்னோம். சவுரியம்மாளின் அனுமதியைப் பெற்றே சொன்னோம். தங்கள் உடலில் உறுதியும், உள்ளத்தில் அமைதியும், இல்லத்தில் மக்களும் பேரரும் பெருகும் மகிழ்ச்சியும் நிலைபெற்று, தாங்களும் கிருஷ்ணவேணி அம்மையாரும் நெடுங்காலம் நலமே வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
விழுப்புரம் அலுவலக எழுத்தர்கள், வரைவாளர்கள், சூப்பர்வைசர்கள், சாலைப் பணியாளர்கள்