ஆளில்லாத ரூம் ரேடியேட்டர்

இல்லைங்கண்ணா, ஷூவோடயே வாங்க, பரவால்ல. இந்த வெளிநாட்டுல ஹீட்டிங் ரிப்பேர் பாக்க ஒரு தமிழ் ஆளே வருவீங்கன்னு நெனைக்கவேயில்ல. சனிக்கிழமையில இருந்து இந்த ஹாலத் தொடச்சுத் தொடச்சு கையே ஓஞ்சு போச்சு, இன்னும் ஓரமெல்லாம் ஈரமாத்தான் கெடக்குது.

இதுதான் அந்த விறகு ஸ்டவ். பின்னாடி பாயிலர் இருக்குதுங்களா, அதுல தண்ணி சூடாகி, பம்ப் தள்ளி, ரூமுக்கு ரூம் மாட்டியிருக்கற ரேடியேட்டருக்குப் போய் வீட்டச் சூடு பண்ணும். கதிர் இந்தப் பழைய வீட்ட வாங்கினதே இந்த ஸ்டவ்வப் பாத்துத்தான். முன்னாடி பிளெய்ன்ஸ்பரோவுல ஒரு அபார்ட்மென்ட்ல நிம்மதியா இருந்தோம், எங்க கேட்டாரு. வீடியோ பாத்துப் பாத்து பைப்பெல்லாம் அவரே மாட்டினாரு. ஆமாங்க, எங்க வீட்டுக்காரரேதான். இன்ஸ்பெக்‌ஷனா? அத அவருகிட்டயே கேட்டுக்குங்க, என்னைய விட்ருங்க.

சனிக்கிழமை பனி கொட்டுச்சில்ல, கரண்ட் போயிருச்சு. பம்ப் நின்னுருச்சு. உள்ள விறகு திகுதிகுன்னு எரியுது. கேஸ்னா ஆஃப் பண்ணலாம், எரியற விறக என்ன பண்றது? பைப்பெல்லாம் தடதடன்னு ஆட ஆரம்பிச்சுது. அப்புறம் அந்த சேஃப்டி வால்வு தெறந்து கொதிக்கற தண்ணி ஹால் பூரா அடிச்சுது. எம் பொண்ணு ஓவியா அப்பத்தான் சோஃபாவ விட்டு எந்திரிச்சுப் போயிருந்தா. அன்னில இருந்து ஸ்டவ்வப் பத்த வெக்கறதே இல்ல, கரண்ட் ஹீட்டர் வெச்சு ஓட்டறோம்.

ஆமாங்க, மேல் ரூம் ரேடியேட்டர் மூடியிருந்துச்சு. பம்ப் நின்னாலும் சூடு அந்த வழியாத்தான் தானா ஏறிப் போகுமாம், எனக்கே அப்புறந்தான் தெரியும். மூடினது எங்க மாமா, கதிரோட அப்பா. நம்மூரு கோபியில இருந்து வந்து நாலு மாசமாச்சு. ஆளில்லாத ரூம்ல லைட் எரிஞ்சா அவருக்குத் தாங்காது, எந்திரிச்சுப் போய் அணைச்சுட்டுத்தான் வந்து உக்காருவாரு. நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாரும் அப்படித்தானுங்களே? அந்த ரூம்ல யாரும் படுக்கறதில்ல. இது எதுக்குச் சும்மா சுட்டுக்கிட்டுக் கெடக்குதுன்னு திருகி மூடிட்டாரு.

கதிர் கத்துன கத்து இருக்குதே. எல்லாரையும் கொல்லப் பாத்தீங்களேன்னுட்டாரு, பெத்த அப்பாவப் பாத்து. இனி இந்த வீட்டுல எதையும் தொடாதீங்கன்னாரு. அதுல இருந்து மாமா எதையும் தொடறதில்லீங்க. இருட்டாகிப் போனாலும் அப்படியே உக்காந்திருக்காரு, லைட் போடமாட்டேங்கறாரு. தண்ணி கூட நான் ஊத்திக் குடுத்தாத்தான்.

என்னங்கண்ணா சொல்றீங்க? அந்த மேல் ரூம் ரேடியேட்டர்ல திருகே இருக்கக் கூடாதா? யாரும் மூட முடியாத மாதிரிதான் மாட்டணுமா? நெசமாவா?

அடக் கடவுளே. அப்ப தப்பு மாட்டினவரு மேலதானுங்க இருக்குது.

அண்ணா, ஒரு ஒதவி பண்ணுங்க. கதிர் மீட்டிங் முடிச்சு இப்பக் கீழ வருவாரு. இதே வார்த்தைய அவருகிட்டச் சொல்லுங்க. தமிழ்லயே, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. மாமா பக்கத்து ரூம்லதான் இருக்காரு, அவரு காதுல விழணும். நான் சொன்னா எடுபடாதுங்க. மாமா ஊருக்கே திரும்பிப் போறேன்னு வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. பெட்டியும் கட்டி வெச்சுட்டாரு. அங்க போனா அவருக்கு யாரு இருக்கா, அத்தையும் இல்ல.

அவருக்காக மட்டும் கேக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. கதிருக்கு எந்நேரமும் லேப்டாப்பு, ஓவியா ஹெட்ஃபோனக் கழட்டறதே இல்ல. சாப்ட்டியா கண்ணுன்னு என்னையக் கேக்கறதுக்கு இந்த வீட்டுல அவரு ஒருத்தருதாங்கண்ணா இருக்காரு.