குறை பூட்டில்தான்

வாலு: ...அதுக்கில்ல பெரியப்பா, மணி அடிக்கக் கூடாது. நீங்களே திறக்கணும்.

பெரியப்பா: நானேவா? என் வீட்டுக் கதவையா?

வாலு: ஆமா.

பெரியப்பா: இந்த வீட்டுக்குப் பெரியவன் நான். நான் வந்து நின்னா கதவு திறக்கப்படும். அதுதான் முறை.

பெரியம்மா: திறக்கப்படும்னா யாரால? அடுப்பை அணைச்சுட்டு நான்ல ஓடி வரேன்!

பெரியப்பா: ஜன்னல் வழியா யாரும் பேச வேண்டாம்.

வாலு: பெரியம்மா, நீங்க உள்ளேயே இருங்க. என்ன ஆனாலும் கதவுப் பக்கம் வந்துடாதீங்க.

பெரியம்மா: நான் ஏன் வரேன்? நாற்காலி போட்டு உட்கார்ந்தாச்சு. அவர் வெளியே, நான் உள்ளே, நடுவுல கதவு... முப்பத்தாறு வருஷத்துல இப்பத்தான் கொஞ்சம் காத்து வருது.

பெரியப்பா: பார்த்தியா வாலு? இதுக்குத்தான் என்னை வாசல்ல நிக்க வச்சியா? போறவன் வரவன் எல்லாம் பார்க்கிறான்.

வாலு: பரீட்சை பெரியப்பா. கையேடு எழுதுறதுக்குன்னே படிக்கிற என் எம்.ஏ.வுக்குக் கடைசிப் பரீட்சை. இந்த நம்பர் பூட்டுக்குப் புதுசா ஒரு கையேடு எழுதியிருக்கேன். அதைப் படிச்சுட்டு, யாரையும் கேட்காம, நீங்க இதைத் திறக்கணும். நான் பக்கத்துல நின்னு குறிச்சுக்கணும். வாயே திறக்கக் கூடாது.

பெரியப்பா: நீ வாயைத் திறக்கக் கூடாதா? உங்க புரொபசரம்மாவுக்கு உன்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுபோல.

வாலு: கிண்டல் பண்ணாதீங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். கதவு திறந்தா பட்டம். திறக்கலைன்னா இன்னும் ஆறு மாசம்.

பெரியப்பா: ஆறு மாசமா! அத்தனை பேர்கிட்டயும் இந்த மாசம் பட்டம்னு சொல்லிட்டேனே!

பெரியம்மா: யாரு சொல்லச் சொன்னா?

பெரியப்பா: தபால்காரர்கிட்டகூடச் சொல்லியாச்சு... சரி, ஊருக்கெல்லாம் ஆள் இருக்க, என்னை ஏன் பிடிச்ச?

வாலு: அது... இந்தப் பூட்டைத் தொட்டே பார்க்காதவங்க வேணும்னாங்க.

பெரியப்பா: ம்... நான் தொட்டதே இல்லை. மாட்டி எட்டு மாசம் ஆச்சு, ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. எழுதிக்கோ.

வாலு: ...எழுதிக்கிட்டேன்.

பெரியப்பா: கொடு அந்தப் புத்தகத்தை.

வாலு: புத்தகம் இல்ல. தாள்.

பெரியப்பா: ஒரே தாளா? மீதி எங்க?

வாலு: அவ்வளவுதான்.

பெரியப்பா: முதல் வருஷம் இதே பூட்டுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினியே? கம்பெனிக்காரன் அச்சடிச்சுப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தானே!

வாலு: ஆமா.

பெரியப்பா: பன்னிரண்டுல ஆரம்பிச்சு ஒண்ணுல வந்து நிக்கிற. இதுக்குப் பேரு வளர்ச்சியா?

வாலு: ரெண்டு வருஷமா அதைத்தானே கத்துக்கிட்டேன்.

பெரியப்பா: 'தொடுவுணர் பரப்பினைச் செயலூக்கம் பெறச் செய்த பின்னர், உரிய எண்தொடரினை உள்ளீடு செய்தல் வேண்டும்.' எனக்கு மனப்பாடம்! செயலூக்கம்... அடடா, என்ன ஒரு சொல்! கடைசிப் பக்கத்துல உன் பேரு. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டியிருக்கேன். வரவங்களையெல்லாம் நிக்க வச்சுப் படிக்க வைக்கிறேன்.

பெரியம்மா: அதுலேருந்துதான் வரவங்க குறைஞ்சுட்டாங்க.

வாலு: பெரியப்பா, அதைப் படிச்சுட்டு புரொபசர் என்ன சொன்னாங்க தெரியுமா? 'இதைப் படிச்சா உன்னைப் பத்தி நல்லாத் தெரியுது. பூட்டைப் பத்தித்தான் ஒண்ணும் தெரியலை'ன்னாங்க.

பெரியப்பா: அந்தம்மாவுக்குத் தமிழ் போதாது.

வாலு: மூணு நாள் அழுதேன். நாலாம் நாள் ஒரு கடையில உட்கார்ந்து, மனுஷங்க எப்படிப் பூட்டைத் திறக்கிறாங்கன்னு வேடிக்கை பார்த்தேன். அன்னிக்குத்தான் படிப்பே ஆரம்பிச்சுது. சரி, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. நீங்க எங்கேயாவது தடுமாறினா, தப்பு உங்களுது இல்ல. என்னுது.

பெரியப்பா: நான் ஏன் தடுமாறப் போறேன்?

வாலு: ஆரம்பிக்கலாமா? இனிமே நான் பேச மாட்டேன்.

பெரியப்பா: 'ஒன்று. உள்ளங்கையைக் கறுப்புக் கண்ணாடி மேல் வையுங்கள். எண்கள் ஒளிரும்.' ...இது என்ன, குழந்தைக்குச் சொல்ற மாதிரி?

வாலு: ...

பெரியப்பா: உள்ளங்கையெல்லாம் எதுக்கு, ஒரு விரல் போதும்... இந்தா.

வாலு: ...

பெரியப்பா: எண் ஒண்ணும் வரலையே. ஏய், நீ என்ன எழுதுற?

வாலு: ...

பெரியம்மா: என்னங்க, சாயங்காலம் ஆயிடுமா? உங்களுக்கும் சேர்த்துத் தேநீர் போடட்டுமா, வேண்டாமா?

பெரியப்பா: போடு, போடு. அது ஆறுறதுக்குள்ள உள்ள இருப்பேன். அடுத்தது என்ன... 'எண்கள் தெரியவில்லையா? ஒரு விரலை மட்டும் வைத்திருப்பீர்கள். கை முழுவதையும் வையுங்கள்.'

வாலு: ...

பெரியப்பா: நான் விரல் வச்சது இந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்?

பெரியம்மா: தாளுக்கே தெரிஞ்சுபோச்சா!

பெரியப்பா: கையை வச்சா... வந்துடுச்சு! வாலு, வந்துடுச்சு பாரு, அத்தனையும் வெளிச்சமா! ...இவ்வளவுதானா? இதுக்குப் பேருதானா செயலூக்கம்?

வாலு: ...

பெரியப்பா: கையைத்தான் வைக்கணும்னு மொதல்லயே... சரி. 'இரண்டு. உங்கள் ஆறு எண்களை அழுத்துங்கள்.'

பெரியம்மா: நம்ம கல்யாணத் தேதி. போன வாரம்தான் மாத்தினேன். தேதியைச் சொல்ல மாட்டேன், பரீட்சை.

பெரியப்பா: அது மறக்கிற நாளா?

பெரியம்மா: அதை எந்த அர்த்தத்துல சொல்றீங்க?

பெரியப்பா: உள்ள வந்து விளக்கமாச் சொல்றேன்... ஒண்ணு... ரெண்டு... ஆச்சு. 'மூன்று. பூட்டு ஒரு முறை ஒலிக்கும். கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள்.' ஒலிச்சுது! அழுத்தறேன்...

பெரியம்மா: வாங்க வாங்க! புது மாப்பிள்ளை மாதிரி வரீங்க!

பெரியப்பா: திறந்துட்டேன்! வாலு, எத்தனை நிமிஷம்?

வாலு: ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். பெரியப்பா! பட்டம்!

பெரியப்பா: விடு, விடு, கழுத்தை நெரிக்காதே. வாசல்ல ஆள் போகுது.

வாலு: போகட்டும்! ...பெரியப்பா, ஒண்ணு சொன்னாக் கோபப்படக் கூடாது.

பெரியப்பா: சொல்லு.

வாலு: பூட்டைத் தொடாத ஆள் வேணும்னு புரொபசர் சொல்லலை. 'உன் பழைய கையேட்டை வச்சு மல்லுக்கட்டித் தோத்துப்போன ஒருத்தரைத் தேடிப் பிடி. அவர் தானாத் திறந்தா உனக்குப் பட்டம்'னாங்க.

பெரியப்பா: அப்ப நீ ஆளை மாத்திப் பிடிச்சுட்ட.

வாலு: கம்பெனிக்குப் போய் கஸ்டமர் கேர் பதிவையெல்லாம் புரட்டினேன். ஒருத்தர் ஏழு தடவை கூப்பிட்டிருக்காரு. பேரு சொல்ல மாட்டேன்னுட்டாராம். 'ஒரு விரலால்தான் தொடுவேன் என்கிறார்'னு குறிச்சு வச்சிருக்காங்க.

பெரியப்பா: எவனாவது வேலையத்தவனா இருப்பான்.

வாலு: ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு, 'கையேடு புரியலையா சார்? நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க'ன்னு கேட்டிருக்கு. உடனே அவர், 'கையேடு பிரமாதம். உங்க பூட்டுதான் மட்டம்'னு சத்தம் போட்டுட்டு வச்சிருக்காரு.

பெரியம்மா: குரல் கேட்ட குரலா இருக்கே!

வாலு: நம்பரும் தெரிஞ்ச நம்பர்தான் பெரியம்மா.

பெரியம்மா: என்னங்க... நான் கடைக்குப் போற நேரமாப் பார்த்தா கூப்பிட்டீங்க?

பெரியப்பா: தேநீர் ஆறிடப் போகுது.

வாலு: பெரியப்பா, புரியலைன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே? எனக்காக ஏழு தடவை...

பெரியப்பா: ஏழு இல்ல, பதினொண்ணு. மீதி நாலு பக்கத்து வீட்டு போன்லேருந்து. நம்ம வீட்டுப் பொண்ணு எழுதினதை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டே இருந்தா, ஏழோட விட்டுடுவேனா?