ரிப்போர்ட்டில் சுழித்திருந்த வார்த்தை

"போனுக்கு ஒண்ணும் வாய் வலிக்காதுக்கா, அதக் கேளு."

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். அக்காவின் மடியில் அவள் கணவரின் ஸ்கேன் ரிப்போர்ட். டாக்டர் பேனாவால் சுழித்திருந்த ஒரு வார்த்தைக்கு அவள் தம்பியிடம் அர்த்தம் கேட்டிருந்தாள்.

"மைக் படம் இருக்குதில்ல? அது மேல விரல வை. சிரோசிஸ்னா இன்னான்னு கேளு. மனு குடுத்துட்டுக் காத்துக்கினு இருக்க வேணாம், ஜல்தியா சொல்லிடும்."

"காலைலயே கேட்டேன்டா."

"அப்புறம் எதுக்குக்கா என் உயிர வாங்கிக்கினு இருக்க?"

"ஈரல் கெட்டுப்போச்சி, இனிமே சரியாவாதுன்னு சொல்லிச்சி. நீ படிச்சவன். வேற எதனா சொல்லுவியான்னு பாத்தேன்."

தம்பி தன் போனை எடுத்துத் தட்டினான். கூட்டேரிப்பட்டு தாண்டியும் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தான். பிறகு போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"இதுல கண்டவனும் எழுதறான்க்கா. நம்பாத."

அவள் ரிப்போர்ட்டை மடித்துக் கவரில் வைத்தாள்.

"சரிடா. வூட்டுக்குப் போனதும் உங்க மாமா கேப்பாரு. ஒண்ணும் இல்லன்னே சொல்லிடலாம். நீயும் அப்படியே சொல்லு."